பிரதி எடுத்த கை

ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து மாதா கோயில்களின் சங்கீதத்தை 27 வருஷம் கவனித்தவர் பாக் என்ற மேதை. அவர் மனைவி அன்னா மக்தலேனாவும் லேசுப்பட்டவரல்ல, அரண்மனைப் பாடகி! பெற்ற 13 குழந்தைகளில் 7 பேரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். அத்தனை துயரத்துக்கும் வீட்டு வேலைக்கும் நடுவே கணவரின் இசையைப் பிரதி எடுத்தார். பாட்டு நோட்டு எழுதிய சகோதரிகளுக்கு அந்தச் சிரமம் தெரியும்.

வயலினுக்குத் தமையன் போன்ற செல்லோ வாத்தியத்துக்காக பாக் ஆறு தொகுப்புகள் இயற்றினார். அவர் கைப்பட எழுதிய பிரதி தொலைந்துவிட்டது. இன்று அவற்றுக்கு முக்கிய ஆதாரம் அந்த அம்மாள் எடுத்த பிரதிதான்!

1750-ல் பாக் காலமானார். தர்மப் பணத்தை நம்பி வாழ்ந்த அன்னா 1760-ல் கண்மூடினார். செல்லோ இசை காதில் விழும்போது, அந்தக் கையையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.