மன்னிப்பு வேண்டாம், மண்ணைக் கொடு

ஹவாய் என்றால் நம்ம சனங்களுக்குத் தெரிந்தது ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பையும் ஊர்த்தெருவில் கையில் தூக்கிக்கொண்டு நடந்த தலைமுறை எங்களுடையது. ஹவாய் ஒரு நாடாக இருந்தது, அதற்கு ஒரு ராணி இருந்தாள் என்பதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

அங்கிருந்து ஓர் அம்மா மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க வந்தார். அந்த மண்ணின் பூர்வகுடி. நண்பர் சொல்லி நான்தான் சுற்றிக் காட்டினேன். மறுநாள் பொத்தேரியில் எங்க வீட்டில் சாப்பாடு. சேப்பங்கிழங்கு வறுவலைப் பார்த்ததும், "இது எங்க அண்ணன்" என்றார். செத்துப் பிறந்த மூத்த பிள்ளையைப் புதைத்த இடத்தில் முளைத்தது இந்தக் கிழங்கு, பின்னால் பிறந்த தம்பியின் வழிவந்தவர்கள் அவர்கள். நிலத்துக்கு அவர்கள் மொழியில் 'ஆய்னா' என்று பேர். சோறு போடுவது என்று அர்த்தமாம். "உங்க நிலத்தில் விளைந்ததா?" என்று கேட்டார். கூடுவாஞ்சேரியில் காசு கொடுத்து வாங்கியது என்றேன். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சே ஆரம்பித்தது.

1848-ல் ஹவாய் நிலத்தை அரசனும் தலைவர்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். உழுகிறவனும் தன் துண்டைக் கேட்டு வாங்கலாம் என்று 1850-ல் சட்டம். ஆனால் அளவைக்குக் காசு கட்டணும், சாட்சி கொண்டுவரணும். கடைசியில் குடிகளுக்குக் கிடைத்தது மொத்த நிலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே 1850-ல் வெளிநாட்டானும் நிலம் வாங்கலாம் என்றாகி, கரும்புத் தோட்டக்காரன் வளைத்துக்கொண்டான். 1893 ஜனவரி 17-ல், அமெரிக்கச் சிப்பாய்கள் கரையில் இறங்கி நிற்க, ராணி லிலியுகலானியைத் தோட்ட முதலாளிகள் இறக்கினார்கள்.

எனக்கு இது வேற்று நாட்டுக் கதையாகப் படவில்லை. செங்கல்பட்டில் நம்ம ஆள் தரிசு கேட்டு மனுப் போட்டால் மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை. குடிசை போட்ட மண்ணும் தன்னுடையது என்பான். இதையெல்லாம் எழுதி வைத்தவர் கலெக்டர் திரமென்ஹீர். 1892 செப்டம்பர் 30-ல் 1010-ம் எண் அரசாணை வந்தது. ராணி இறக்கப்பட்டது அதற்கு நாலு மாதத்துக்குள். பஞ்சமருக்குக் கொடுத்த நிலத்தைப் பத்து வருசம் விற்கக்கூடாது, பிறகும் பஞ்சமர் அல்லாதாருக்கு விற்றால் செல்லாது என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் கந்துவட்டிக்கும் கைநாட்டுக்கும் கர்ணத்தின் பேனாவுக்கும் போனது.

1921-ல் ஹவாய் பூர்வகுடிகளுக்கென்று சுமார் 2 லட்சம் ஏக்கர் ஒதுக்கினார்கள். கரும்பு விளையும் நல்ல நிலத்தை விலக்கிவிட்டுத்தான்! உடம்பில் பாதி இரத்தம் பூர்வகுடி இரத்தமாக இருக்கணுமாம். காத்திருப்போர் பட்டியலிலேயே செத்தவர்கள் ஏராளம். இரத்தத்தை அளக்கிறான் என்று அந்த அம்மா சொன்னபோது சிரித்துவிட்டேன். இங்கே சாமியை அளக்கிறான். 1950 ஆணைப்படி, சேரியிலிருந்து மாதாகோயிலுக்குப் போனவன் பட்டியல் சாதியே கிடையாது.

1993-ல் அமெரிக்கா சட்டம் போட்டே மன்னிப்புக் கேட்டது. கையெழுத்திட்டவர் கிளிண்டன். ஒரு ஏக்கர் திரும்பி வரவில்லை. அந்தத் தீர்மானம் மாநில அரசு நிலத்தை விற்பதைத் தடுக்காது என்று 2009-ல் அவர்கள் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நமக்கு அந்த மன்னிப்பும் இல்லை, குண்டுதான். மாமல்லபுரத்துக் கல்லை 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்றார்கள், வேலி போட்டுக் காக்கிறார்கள். பத்து வருசம் கழித்து, அதே வட்டாரத்தில், காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போனவர்கள் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நியாயம் கேட்டுத் திரண்டபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

'உங்கள் கலை அற்புதம்' என்று சில முற்போக்கு நண்பர்கள் வருகிறார்கள். ஹவாயில் பாதிரிமார் பேச்சைக் கேட்டு 1830-ல் ஹுலா ஆட்டத்தைத் தடை செய்தார்கள். இன்று ஓட்டல் விருந்தில் அதை ஆடவிட்டுப் படம் பிடிக்கிறார்கள். நம்ம பறையைச் சாவுமேளம் என்று இழித்தவன் இன்று மேடையில் கைதட்டுகிறான். தட்டட்டும். பட்டா என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கை ஏன் நின்றுபோகிறது?

தோழர்களே, தாலுக்கா ஆபீசில் பழைய செட்டில்மென்ட் பதிவேடு இருக்கிறது. அதைக் கேட்டு நகல் வாங்குங்கள். எந்த சர்வே எண் பஞ்சமி நிலம், இன்று யார் அனுபவத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு சேரியிலும் உரக்கப் படியுங்கள்.