ஸ்க்ரூ இல்லாத வண்டி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் என் பிறப்புரிமை. போன வாரம் அதை அக்கா பையனின் பைக் பறித்துக்கொண்டது. தெருமுனையிலேயே தீபாவளி. ஆக்ஸிலேட்டரை விட்டால் 'பட் பட்' வெடி. முறுக்கினால் ஒரு திக்கல்.

"ஒண்ணுமில்ல மாமா. ஒரிஜினல் சைலன்சரைக் கழட்டிட்டு, எஞ்சின்லேர்ந்து புதுக் குழாயா போட்டேன். ஃப்யூயல் மேப்பை மாத்தினா சரியாயிடும். ஒன்பதாயிரம்தான்" என்றான், என் சட்டைப் பையைப் பார்த்தபடி.

மேப் என்றதும் எனக்குத் தாம்பரம், செங்கல்பட்டு ஞாபகம் வந்தது. இது வேறு. அந்தக் கால வண்டியில் பெட்ரோலையும் காற்றையும் கலந்துகொடுத்தது கார்புரேட்டர். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபின், பெரும்பாலான புது வண்டிகளில் அந்த உத்தியோகம் ஒரு குட்டிக் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அதனிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. குறுக்கே எஞ்சின் வேகம். நெடுக்கே ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது. இரண்டும் சந்திக்கிற கட்டத்தைப் பார்த்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறக்கவேண்டும் என்று தீர்மானிக்கும். 6000 ஆர்.பி.எம்.மில் இப்படி செகண்டுக்கு 50 தடவை. (எனக்குப் பதினேழாம் வாய்ப்பாடு இன்னும் தகராறு.)

"பாய் பார்க்காமல் பைசா கிடையாது" என்றேன். லாப்டாப் பையனையும் பாய் கடைக்கே வரச்சொன்னோம்.

பாய் என் பழைய ஸ்கூட்டரின் குடும்ப வைத்தியர். எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்து, சின்னத் திருப்புளியால் கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவார். வண்டி சொன்னபடி கேட்கும்.

"எங்கிட்ட எதுக்கு சார் கொண்டாந்தீங்க? இதுல திருப்பறதுக்கு ஸ்க்ரூவே இல்லியே" என்றார். கடையில் முன்பு இருந்த கூட்டம் இல்லை.

லாப்டாப் பையன் ஒயரைச் செருகிப் பார்த்தான். "பெட்ரோல் கம்மின்னு காட்டுது அங்கிள். எல்லாக் கட்டத்துலயும் பத்து பர்சன்ட் ஏத்திடலாம்."

ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கணக்கு சரியா என்று புகைக் குழாயில் ஓர் ஆக்ஸிஜன் சென்சார் மோப்பம் பிடித்துச் சொல்கிறது. ஆக்ஸிஜன் மிஞ்சினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்.

பாய் பேசாமல் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினார். அட்டைக் கரி.

"பெட்ரோல் கம்மின்னா இது வெளுத்திருக்கணும் தம்பி. கரியில்ல அப்பியிருக்கு? மைலேஜ் எவ்ளோ?"

அக்கா பையன் தரையைப் பார்த்தான். "முப்பத்தஞ்சு குடுத்தது... இப்ப இருபத்தாறு."

ப்ளக்கை மாட்டி வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஈரத் துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி அடைத்தார். காதைச் சாய்த்தார். எஞ்சினும் குழாயும் சேரும் இடத்தில் 'உஸ்ஸ்'.

புதுக் குழாய்க்குப் பழைய கேஸ்கட்டையே போட்டிருக்கிறார்கள். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. சற்றுத் தள்ளி இருக்கும் சென்சார் அதை மோந்துவிட்டு, 'பெட்ரோல் போதலை' என்று புகார் கொடுக்க, கம்ப்யூட்டர் மேலும் மேலும் ஊற்றுகிறது. எரியாத பெட்ரோல் அந்தக் காற்றோடு குழாயில் சேர்ந்ததுதான் தீபாவளி. இதற்கு மேல் பத்து பர்சன்ட் ஏற்றுவது, பொய்ச் சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுதுகிற மாதிரி.

புது கேஸ்கட் எண்பது ரூபாய். திக்கல் போயிற்று, வெடியும் அடங்கியது. சத்தம் மட்டும் குறையவில்லை. அதை மறுவாரம் போக்குவரத்து போலீஸ்காரர் ரசீது போட்டுக் குறைத்தார். பழைய சைலன்சர் திரும்ப வந்துவிட்டது. கம்பெனி மேப் அதற்காக எழுதியதுதானே!

லாப்டாப் பையனைப் பாராட்ட வேண்டும். "மேப்பைத் தொட வேணாம் அங்கிள்" என்று பெட்டியை மூடியவன், ப்ளக்கைக் கையில் வாங்கி, "கலரை எப்படிப் படிக்கிறது பாய்?" என்றான்.

"சொல்றேன். அந்தப் பொட்டில என்ன தெரியுதுன்னு நீயும் எனக்குச் சொல்லு தம்பி."

இருவரும் ஒரே ஸ்டூலில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

கிளம்பும்போது பாயின் சட்டைப் பையைப் பார்த்தேன். அதே சின்னத் திருப்புளி.

"ஸ்க்ரூதான் இல்லியே, இன்னும் எதுக்கு பாய்?"

"காது குடைய சார். அதுதானே நம்ம முதலு!"