பென்சில் குத்திய முத்திரை!

தலைமுடியில் ஒரு பென்சிலைச் செருகுகிறார்கள். "தலையை ஆட்டு" என்கிறார்கள். பென்சில் கீழே விழுந்தால் வெள்ளைக்காரன். முடியிலேயே சிக்கிக்கொண்டால் வெள்ளைக்காரன் இல்லை!

இது பிள்ளைகள் விளையாட்டு அல்ல. தென் ஆப்பிரிக்காவில் ஒரு காலத்தில் சர்க்கார் அதிகாரிகள் நடத்திய சோதனை!

1950-ம் ஆண்டு அங்கே ஒரு சட்டம் வந்தது. நாட்டில் உள்ள ஒவ்வொருவரையும் வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தார் என்று பிரித்துப் பதிவு செய்யச் சொன்ன சட்டம். இந்தியர்களுக்கும் தனியாக ஒரு பிரிவு ஒதுக்கினார்கள். எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரைக் கல்யாணம் செய்யலாம்... எல்லாவற்றையும் அந்தப் பதிவுதான் தீர்மானித்தது. சந்தேகம் வந்தால் தோலைப் பார்த்தார்கள். மூக்கைப் பார்த்தார்கள். முடியைப் பார்த்தார்கள்.

சாண்ட்ரா லெயிங் என்று ஒரு சிறுமி. 1955-ல் பிறந்தவள். அப்பா வெள்ளையர். அம்மாவும் வெள்ளையர். ஆனால் அவள் மட்டும் மாநிறமாக, சுருட்டை முடியோடு பிறந்துவிட்டாள். அதுதான் அவள் செய்த குற்றம்! வெள்ளையர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவளை 1966-ல் போலீசார் வந்து வெளியே அழைத்துப் போனார்கள். அப்போது அவளுக்கு வயது 10. "கலப்பினம்" என்று பதிவு மாறியது. அப்பா கோர்ட்டு கோர்ட்டாக அலைந்தார். 1967-ல் சட்டம் திருத்தப்பட்டது. "நீ வெள்ளைதான்" என்று மறுபடியும் எழுதினார்கள்.

அதோடு விட்டதா? இல்லை. வளர்ந்த பிறகு அவர் ஒரு கறுப்பரோடு குடும்பம் நடத்தினார். பெற்ற தகப்பனார் மகளைத் தலைமுழுகிவிட்டார். பிள்ளைகள் பிறந்தன. ஏட்டில் தாய் வெள்ளை, பிள்ளைகள் வேறு! பெற்ற பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருப்பதற்காக, "என்னைக் கலப்பினம் என்றே எழுதுங்கள்" என்று அவரே கேட்க வேண்டி வந்தது. மூன்று முறை மாறியது சாண்ட்ரா அல்ல. சர்க்கார் ஏடுதான்!

அந்த மண்ணில் தமிழர்களுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1860-ல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்தில் பாடுபடப் போனவர்கள். பின்னாலும் கப்பல் கப்பலாகப் போனார்கள். தமிழர் பெயர்கள் பல 'சாமி' என்று முடியும் அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டு, எந்த இந்தியரைக் கண்டாலும் "சாமி" என்று ஏளனமாகக் கூப்பிட்டார்கள் வெள்ளையர்கள். 1893-ல் அங்கே போன காந்தியடிகள் இதைத் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆளுக்கொரு பெயர் இருந்தும், அத்தனை பேருக்கும் ஒரே முத்திரை!

அந்தப் பதிவுச் சட்டம் 1991-ல் ஒழிந்தது. மனித உடலின் மரபணுவைப் படித்துப் பார்த்த விஞ்ஞானிகளும் ஒரு கணக்குச் சொல்லிவிட்டார்கள். உலகத்தில் எந்த இரண்டு பேரை எடுத்தாலும், ஆயிரம் எழுத்துக்கு ஏறக்குறைய 999 எழுத்து ஒன்றுதான். மிச்சம் உள்ள ஒன்றை வைத்துக்கொண்டுதான் இத்தனை ஆட்டமும்!

சட்டம் போயிற்று. முத்திரை குத்தும் புத்தி போயிற்றா? அதைப் பார்க்க டர்பன் போக வேண்டாம். சென்னையே போதும்.

மணிப்பூரிலிருந்தும் மிசோரமிலிருந்தும் வந்த பிள்ளைகள் இங்கே ஓட்டலில் பரிமாறுகிறார்கள். அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறார்கள். கல்லூரியில் படிக்கிறார்கள். பஸ்சில் ஏறினால், "சீனாக்காரன் வர்றான் பாரு" என்று ஒரு குரல். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், வாசலில் 'டு லெட்' போர்டு தொங்கும்போதே, "காலி இல்லப்பா, ஆள் வந்தாச்சு" என்று பதில். அவர்களும் இந்தியர்கள்தான். சரி, சீனாக்காரராகவே இருந்தால்தான் என்ன? அவர் மனிதர் இல்லையா?

2012 ஆகஸ்டில் ஒரு வதந்தி கிளம்பியது. வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்களாம் என்று. பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் ரெயில் ஏறினார்கள். சென்னையிலிருந்தும் மூட்டை முடிச்சோடு புறப்பட்டவர்கள் உண்டு. வதந்தி பொய். பயம் நிஜம். பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பக்கத்து வீட்டில் ஒருவர் பழகியிருந்தால், "எங்க தம்பி கிளம்பிட்டே? நாங்க இருக்கோம்ல" என்று கையைப் பிடித்து நிறுத்தியிருப்பார்!

வீட்டுக்காரர்கள் வாடகையைப் பார்க்கட்டும். நடத்தையைப் பார்க்கட்டும். மூக்கைப் பார்க்க வேண்டாம். தினமும் தோசை கொண்டுவந்து வைக்கும் பையனை "ஏய்" என்று கூப்பிடுவதை விட்டு, "தம்பி, உன் பேரு என்னப்பா?" என்று ஒரு நாள் கேட்கட்டும். அதற்குக் காசும் ஆகாது, சட்டமும் வேண்டாம்.

முதலில் அதுவாவது நடக்கட்டும்!