நிலக்காட்சி தேசத்தின் சான்றிதழா?

இசைக் காணொளியில் தெரியும் காடும் நகரமும் ஒரு நாட்டின் தேசிய அடையாளத்தை, அதாவது மக்கள் தம்மை ஒரே தேசமாக உணரும் தன்மையை, நேரடியாகக் காட்டுகின்றன என்பது பரவலான வாதம். ஜெர்மனியின் சான்றுகளே இதை மறுக்கின்றன.

முதலாவதாக, பனிப்போர்க் கால மேற்கு ஜெர்மனியின் போரச்சத்தைப் பாடிய நேனா இசைக்குழுவின் ‘99 லுஃப்ட்பலோன்ஸ்’ காணொளி, 1983இல் நெதர்லாந்தின் ஹார்ஸ்காம்ப் ராணுவப் பயிற்சித் திடலில் படமாக்கப்பட்டது. அப்படியானால் திரையில் தெரிவது எந்தத் தேசத்தின் மண்?

இரண்டாவதாக, ராம்ஷ்டைன் குழுவின் ‘டாய்ச்லாந்து’ காணொளி (2019) கி.பி. 16ஆம் ஆண்டின் காட்டில் தொடங்கி, பின்னர் வதைமுகாமின் தூக்குமேடையில் கைதிகளின் கோடிட்ட உடையோடு இசைக்கலைஞர்களையே நிறுத்துகிறது; நாட்டின் பெண்ணுருவான ஜெர்மானியாவாகக் கறுப்பின நடிகை ரூபி கொமி தோன்றுகிறார். தூக்குக்கயிறு வரை நீளும் அந்தக் காட்டை வெறும் பெருமிதச் சின்னமாக எவரால் வாசிக்க இயலும்? அங்கே அடையாளம் குற்றக்கூண்டில் ஏற்றப்பட்டு விசாரிக்கப்படுகிறது.

படமாக்கிய இடத்தையும் காட்சிகளைக் கோத்த முறையையும் ஆராயாமல் தேசத்தை வாசிப்பது ஆய்வாகாது.