பையனை பாக்ஸிங் சேர்க்கலாமா டாக்டர்?

ஓபியில் பெற்றோர் கேட்கிற கேள்வி இது. அப்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருபவர் டிக் மெக்டாகர்ட்.

1935ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பிறந்தவர். பிரிட்டன் விமானப்படையில் இருந்தபடியே குத்துச்சண்டை போட்டவர். இடதுகைக்காரர்.

1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் லைட்வெயிட் தங்கம். கூடவே, நேர்த்தியாகச் சண்டை போடுபவருக்குக் கொடுக்கும் வால் பார்க்கர் கோப்பையும் அவருக்குத்தான்.

1958 காமன்வெல்த் தங்கம்
1960 ரோம் ஒலிம்பிக் வெண்கலம்
1961 ஐரோப்பிய சாம்பியன்

1964 டோக்கியோவில் மூன்றாவது ஒலிம்பிக். ரோமிலும் டோக்கியோவிலும் இவரைத் தோற்கடித்த போலந்து வீரர்கள்தான் அந்தந்தப் பிரிவில் தங்கம் வாங்கினார்கள்.

மொத்தம் 634 சண்டை. 610 வெற்றி!

இவ்வளவு இருந்தும் கடைசிவரை தொழில்முறை சண்டைக்கு அவர் போகவே இல்லை. 2025ல் 89 வயதில் காலமானார்.

இதில் மருத்துவராக நான் பார்ப்பது என்ன?

அன்று அமெச்சூர் சண்டை என்றால் மூன்று நிமிடம் வீதம் 3 ரவுண்டு. மொத்தம் 9 நிமிடம். தொழில்முறை உலகப் பட்டத்துக்கு 15 ரவுண்டு, 45 நிமிடம். தலையில் விழும் அடியின் கணக்கு இங்கேதான் மாறுகிறது.

நாக் அவுட் ஆனால்தான் ஆபத்து என்று நினைக்காதீங்க. மயக்கம் வராத சின்னச் சின்ன அடிகளும் வருஷக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். பிற்காலத்தில் மறதி, கோபம், கை நடுக்கம், பேச்சுக் குழறல் என்று வரலாம். 1928லேயே மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் இதை எழுதிவிட்டார். போன மூளையை மீட்டுத் தர இன்றுவரை மருந்து இல்லை.

"ஹெல்மெட் போட்டுக்கலாமே சார்?"

தலைக்கவசம் தோல் கிழிவதைக் குறைக்கும். ஆனால் அடி விழும்போது மண்டைக்குள் மூளை சுழல்வதை அது தடுக்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் தலைக்கவசம் இல்லாமல்தான் மோதினார்கள்.

அப்போ அமெச்சூர் என்றால் பாதுகாப்பா? அப்படிச் சொல்ல மாட்டேன். 634 சண்டை என்பது சின்ன விஷயமில்லை. ஒருவர் 89 வயது வாழ்ந்ததை வைத்து விளையாட்டுக்கே சர்டிபிகேட் கொடுக்கவும் முடியாது.

ஆனால் நேர்த்திக்கு கோப்பை வாங்கியவரிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அடி வாங்காமல் அடிப்பதுதான் வித்தை. எவ்வளவு அடி தாங்குகிறான் என்று பெருமைப்படும் கோச்சிடம் பிள்ளையை விடாதீங்க.

என் கருத்து இதுதான்.

ஓட்டம், ஸ்கிப்பிங், பேக் அடித்துப் பயிற்சி எல்லாம் தாராளமாகச் செய்யட்டும். உடம்புக்கு நல்லது.

தலையைக் குறிவைத்து மோதும் பயிற்சி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அடிபட்டபின் தலைவலி, வாந்தி, தடுமாற்றம், குழப்பம், ஒரு நொடி மயக்கம் இருந்தாலும் அன்றைக்கு மறுபடி ரிங்குக்குள் போகவே கூடாது. நேராக ஆஸ்பத்திரிக்கு வாங்க.

மெடல் இன்னொரு வருஷம் வாங்கிக்கலாம். மூளை ஒன்னுதான்.