பல்கலைக்கழகம் எண்ணாத நேரம்

பொழுது புலர்வதற்கு முன்பே கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் ரயில் நிலையம் விழித்துக்கொள்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின், பல தலைமுறைகளுக்கு முன் வடார்க்காட்டிலிருந்து அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிழைப்பு பெங்களூருவை நோக்கித் திரும்பிற்று. நிலத்துக்கடியில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நாள்தோறும் ரயிலேறுகிறார்கள். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என நிலையந்தோறும் கூட்டம் பெருகுகிறது; பங்காருப்பேட்டைக்கு வரும்போது நிற்பதற்கும் இடமிருப்பதில்லை. கட்டுமானத் தொழிலாளரும் தனியார் நிறுவன ஊழியரும் நிறைந்த அக்கூட்டத்தில், தோளில் பையும் கையில் ஒப்படைப்புத் தாள்களுமாகக் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். பெங்களூருவை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும். அங்கிருந்து மெட்ரோ, மெட்ரோவிலிருந்து பேருந்து அல்லது நடை. முதல் வகுப்பு தொடங்கும்போது அம்மாணவர் விழித்தெழுந்து நான்கு மணி நேரம் கழிந்திருக்கும்.

இத்தகைய மாணவருக்குக் கல்வி நிறுவனங்கள் பொதுவாக வழங்குவது அறிவுரையே. நேர மேலாண்மை குறித்துப் பயிலரங்குகள் நடத்தப்படுகின்றன. அட்டவணை போட்டுக்கொள்ளவும், முன்னுரிமைகளை வகுத்துக்கொள்ளவும் சொல்லித்தரப்படுகிறது. நேரத்தை மேலாள்வதற்கு முதலில் நேரம் கையில் இருக்க வேண்டும் என்ற எளிய உண்மை அங்கே பேசப்படுவதில்லை. மாணவரின் நெருக்கடி அவருடைய ஒழுங்கின்மையால் விளைவதன்று. அவருடைய நாளில் எத்தனை மணி நேரத்தைத் தான் எடுத்துக்கொள்கிறது என்பதைப் பல்கலைக்கழகம் முழுமையாக எண்ணாததால் விளைவது.

எண்ணுவதற்கான அளவுகோல் இல்லாமலில்லை. 2023இல் நடைமுறைக்கு வந்த தேசியக் கிரெடிட் சட்டகம், ஓர் ஆண்டுக்கான கற்றல் 1200 மணி நேரம் என்றும், அது 40 கிரெடிட்டுகளுக்கு நிகர் என்றும் வகுத்துள்ளது. அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். இதில் வகுப்பில் அமர்ந்திருக்கும் நேரம் மட்டுமன்றி, மாணவர் தாமாகப் படிப்பது, எழுதுவது, தேர்வுக்கு ஆயத்தமாவது ஆகியவையும் அடங்கும். ஆண்டை இரு பருவங்களாகவும் பருவத்தை 15 வாரங்களாகவும் கொண்டால், வாரத்துக்கு 40 மணி நேரம் வருகிறது. முழுநேர ஊழியர் ஒருவரின் வேலைநேரத்துக்கு ஏறத்தாழ இது இணை. ஏட்டில் இக்கணக்கு நேர்மையானதுதான். அந்த 40 மணி நேரத்துக்கு வெளியே உள்ள நாள் எத்தகையது என்பதே எஞ்சும் கேள்வி.

தங்கவயலிலிருந்து வரும் மாணவரின் வாரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம். கற்றலுக்கு 40 போகிறது. ஒரு வழிப் பயணத்தை இரண்டரை மணி என்று குறைத்தே கொண்டாலும், ஆறு வேலைநாள்களில் அது 30 ஆகிறது. குடும்பத்துக்குக் கைகொடுக்க வார இறுதியில் ஒரு கடையிலோ தனிப்பயிற்சி வகுப்பிலோ 15 மணி நேரம் வேலை செய்கிறார் என்று கொள்வோம். இம்மூன்றும் சேர்ந்து 85. நாளொன்றுக்கு ஏழு மணி நேர உறக்கத்துக்கு 49 ஒதுக்கினால், எஞ்சுவது வாரத்துக்கு 34 மணி நேரம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 291 நிமிடங்கள். உண்பது, குளிப்பது, துணி துவைப்பது, நோயுறுவது, நண்பருடன் பேசுவது, வெறுமனே சன்னலோரம் நிற்பது ஆகிய யாவும் இதற்குள் அடங்க வேண்டும்.

அம்மாணவர் பெண்ணாக இருந்தால் கணக்கு மேலும் இறுகுகிறது. இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். இது எல்லா வயதுப் பெண்களையும் சேர்த்த சராசரி. கல்லூரி மாணவியரின் பங்கு இதனினும் குறைவாக இருக்கலாம். பாதியே என்று வைத்துக்கொண்டாலும், 291 நிமிடங்களில் ஏறத்தாழ 145 அடுப்படிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் போய்விடுகின்றன. வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்து ஒரே தேர்வை எழுதும் இருவருக்கு ஒரே நீளமுள்ள நாள் வாய்ப்பதில்லை.

வெளியூரிலிருந்து வருவோருக்கு மட்டுமே உரிய துன்பம் இது என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 2024ஆம் ஆண்டுக்கான டாம்டாம் போக்குவரத்து அறிக்கையின்படி, பெங்களூருவில் 10 கிலோமீட்டரைக் கடக்கச் சராசரியாக அரை மணி நேரத்துக்கும் மேலாகிறது. நகரின் கிழக்கு ஓரத்திலிருந்து மேற்கே ஞானபாரதி வளாகத்துக்குச் செல்லும் மாணவருக்கு 2023 அக்டோபரில் முழுமையடைந்த ஊதா வழித்தட மெட்ரோ பேருதவியே. ஆயின் 2025 பிப்ரவரியில் அதன் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்ந்தது. கட்டணத்தைத் தாங்க இயலாதவர் பேருந்துக்குத் திரும்புகிறார். மிச்சப்படுத்திய பணத்துக்கு ஈடாக நேரத்தைக் கொடுக்கிறார். 2023 ஜூன் 11 முதல் நடப்பிலுள்ள சக்தித் திட்டம் கர்நாடகப் பெண்களுக்கு அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் அளித்து, பல மாணவியரின் கல்விக்குத் துணைநிற்கிறது. அத்திட்டம் பணத்தை மீட்டுத் தந்தது. நெரிசலில் கரையும் நேரத்தை மீட்பது அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

இதே நகரில் வேறொரு நாளும் உண்டு. 1909இல் தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கழகத்தின் மரங்கள் அடர்ந்த வளாகத்தில், பெரும்பாலான மாணவர்கள் விடுதியில் தங்கி, மிதிவண்டியில் சில நிமிடங்களில் ஆய்வகத்தை அடைகிறார்கள். அவர்களுடைய உழைப்பும் மனவழுத்தமும் சிறியவையல்ல. எனினும் அவர்களுடைய களைப்பு படிப்பினால் வருவது. தங்கவயல் மாணவரின் களைப்போ படிப்பைத் தொடுவதற்கு முன்பே வந்துவிடுவது. இருவரையும் ஒரே மதிப்பெண் பட்டியலில் நிறுத்தி, ஒருவரைத் திறமையாளர் என்றும் மற்றவரைச் சராசரி என்றும் வகைப்படுத்துவதில் நேரத்தின் பங்கு எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை.

கல்விக் கொள்கை விவாதங்களும் இக்கேள்வியைத் தொடுவதில்லை. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக் கர்நாடகம் 2021–22இல் நான்காண்டு இளநிலைப் பட்டத்தை அறிமுகப்படுத்தியது. 2024–25இல் மீண்டும் மூன்றாண்டுக்குத் திரும்பியது. மூன்றா, நான்கா என்று ஆண்டுகளைப் பற்றி இரு தரப்பும் வாதிட்டன. அவ்வாண்டுகளுக்குள் அடங்கிய ஒரு நாளைப் பற்றி வாதிட எவரும் முன்வரவில்லை. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு இரண்டு பட்டப்படிப்புகளை ஒரே காலத்தில் பயில அனுமதி அளித்தது. விருப்பமுள்ளோருக்கு அது நல்வாய்ப்பே. ஆனால் மாணவரின் நாள் நிரப்பப்படக் காத்திருக்கும் வெற்றுக் கலம் என்ற எண்ணமே அதன் அடியிலும் கிடக்கிறது.

ஒரு முரணையும் இங்கே சுட்ட வேண்டும். உணவும் மளிகையும் கொண்டு சேர்க்கும் செயலிவழித் தொழிலாளரின் நலனுக்காகக் கர்நாடகம் 2025இல் தனிச் சட்டம் இயற்றியது. மாலையில் வண்டியோட்டிப் படிப்புச் செலவை ஈட்டும் மாணவர் அச்சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளி. மறுநாள் காலை கல்லூரியின் கண்ணுக்கு அவர் வருகைப்பதிவு குறைந்த மாணவர் மட்டுமே. ஒரே மனிதரின் ஒரே நாளை இரு நிறுவனங்கள் இரு பாதிகளாகப் பார்க்கின்றன. இரண்டையும் சேர்த்துச் சுமப்பவர் அவர் ஒருவரே.

இந்நகரம் எப்போதும் இப்படிக் கண்மூடி இருந்ததில்லை. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். முதலிய பொதுத்துறை ஆலைகள் 1940 தொடங்கி அடுத்தடுத்து எழுந்த பெங்களூருவில், வேலை முடிந்து வருவோருக்கான மாலைநேரக் கல்லூரிகளும் வேரூன்றின. அவற்றுள் சில இன்றும் இயங்குகின்றன. பகலில் வேலை செய்பவர் மாலையில்தான் படிக்க முடியும் என்பதை ஒப்புக்கொண்டு, மாணவரின் நாளுக்கேற்பத் தன் நாளை அமைத்துக்கொண்ட கல்வி முறை அது. இன்று முழுநேரக் கல்லூரி என்ற பெயரே, வேலை பார்க்கும் மாணவர் இல்லை என்று பாவனை செய்ய உதவுகிறது.

பறிபோவது மதிப்பெண் மட்டுமாயின் இதனை இத்துணை நீளப் பேசத் தேவையில்லை. பறிபோவது ஓய்வு. கல்விக்கும் ஓய்வுக்குமான உறவைச் சொற்கள் இன்னும் காத்து வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் பள்ளியைக் குறிக்கும் சொல், ஓய்வு என்னும் பொருளுடைய ‘ஸ்கோலே’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் ‘பள்ளி’ என்பது படுக்கையையும் துயிலிடத்தையும் குறித்தது. சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடங்களுக்கு அதுவே பெயராயிற்று. அங்கே கற்பித்தல் நிகழ்ந்தமையால் கல்விக்கூடத்துக்கும் அப்பெயர் வந்தது என்பர். கன்னடத்தில் ஓய்வு நேரத்துக்கு ‘பிடுவு’ என்று பெயர். தமிழின் ‘விடு’ என்னும் வினைக்கு உறவான வேரிலிருந்து வந்த சொல் அது. பெங்களூரு வளாகங்களில் அச்சொல் பெரும்பாலும் இன்மையோடு சேர்ந்தே ஒலிக்கிறது: ‘பிடுவில்லா’. பாடநூலுக்கு வெளியே ஒரு நூலை எடுப்பதும், விரிவுரை முடிந்தபின் ஆசிரியரிடம் நின்று ஓர் ஐயம் கேட்பதும், கேட்ட விடையோடு உடன்பட மறுப்பதும் விடுபட்ட நேரத்தில்தான் நிகழும். ரயிலைப் பிடிக்க ஓடும் மாணவர் முதலில் இழப்பது இவற்றையே. பாடத்திட்டம் முழுவதையும் முடித்தும் பல்கலைக்கழகத்தின் சுவையை அறியாமலே அவர் பட்டம் பெறுகிறார்.

இதற்கு மறுப்புகள் உண்டு. தெருவிளக்கின் கீழ்ப் படித்து உயர்ந்தவர்கள் எடுத்துக்காட்டப்படுவர். அவர்கள் போற்றத்தக்கவர்களே, ஆனால் அவர்களுடைய வெற்றி தெருவிளக்கைக் கல்விக் கொள்கையாக்கும் வாதமாகாது. அதே விளக்கின் கீழ்ப் படித்து இடைநின்றவர்களின் பெயர்கள் எவருக்கும் நினைவில்லை. கைபேசியில் மாணவர் வீணாக்கும் நேரம் சுட்டப்படும். அதில் உண்மையுண்டு. எனினும் நெரிசலில் ஒற்றைக்காலில் நின்றபடி இரண்டு மணி நேரம் வருபவரின் கைக்கு எட்டுவது நூலன்று, திரைதான். சிதறுண்ட நேரத்துக்குச் சிதறுண்ட பொழுதுபோக்கே பொருந்துகிறது.

செய்யத்தக்கவை பெருஞ்செலவு கேட்பவையல்ல. மலேசியாவில் உயர்கல்வித் தரத்தைக் கண்காணிக்கும் எம்.கியூ.ஏ. என்னும் அரசு அமைப்பு, ஒரு கிரெடிட்டை 40 மணி நேரக் கற்றலாக வரையறுக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் விரிவுரைக்கு எத்தனை மணி, தனிப்படிப்புக்கு எத்தனை மணி, தேர்வுக்கு எத்தனை மணி என்று பிரித்து அட்டவணையிட வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. அதனால் அந்நாட்டு மாணவரின் நாள் இலகுவாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பரபரப்பு அங்கும் உண்டு. ஆயினும் எண்ணிக்கை எழுத்தில் இருக்கும்போது, அது மீறப்படுவதைச் சுட்டிக்காட்ட ஓர் ஆவணம் இருக்கிறது. பெங்களூருவின் பல்கலைக்கழகங்களும் பாடந்தோறும் அத்தகைய அட்டவணையை வெளியிடலாம். ஒரே பருவத்தில் ஐந்து பாட ஆசிரியர்கள் தனித்தனியே தரும் ஒப்படைப்புகள் ஒரே வாரத்தில் வந்து விழுவதை அப்போதாவது துறைகள் கண்டுகொள்ளும்.

அடுத்தது பாட அட்டவணை. காலை எட்டு மணிக்கு ஒரு வகுப்பும் பிற்பகல் மூன்று மணிக்கு மற்றொன்றுமாக நாளைப் பிளக்காமல் வகுப்புகளை அடுத்தடுத்து அமைத்தால், வாரத்தில் ஒரு நாளையேனும் வகுப்பின்றி விடலாம். மேலே கணக்கிட்ட மாணவருக்கு அந்த ஒரு நாள் ஐந்து மணி நேரப் பயணத்தை மிச்சப்படுத்தும். ஒரு பருவத்தில் அது 75 மணி நேரம், ஏறத்தாழ இரண்டரை கிரெடிட்டுக்கு ஈடு. இடைவேளைகளில் அமர்ந்து படிக்க இருக்கையும் மின்விளக்கும் உள்ள நூலகம், ரயில் தாமதத்தையும் வேலையையும் கருத்தில் கொள்ளும் வருகை விதி, மெட்ரோவில் மாணவருக்கான சலுகைக் கட்டணம், முதுநிலைப் படிப்புகளில் மாலைநேரப் பிரிவு ஆகியவை அடுத்த படிகள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று செய்யலாம். சேர்க்கையின்போது சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கேட்கும் பல்கலைக்கழகம், கூடவே இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: வீட்டிலிருந்து வளாகத்துக்கு எத்தனை மணி நேரம்? வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை? விடைகளைத் தொகுத்துத் துறைத் தலைவரின் மேசையில் வைத்தபின் பாட அட்டவணை எழுதப்படட்டும். மாலை ரயிலில் மாரிக்குப்பத்துக்குத் திரும்பும் மாணவருக்கு இன்னோர் அறிவுரையைக் காட்டிலும் பகல் வெளிச்சத்தில் வீடு சேரும் ஒரு நாள் மிகுதியும் பயன்படும்.