செஞ்சிக் குதிரைவீரனின் ஞாபகச் சின்னங்கள்

2025-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உலகப் பாரம்பரியக் கமிட்டி, மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டினைத் தன் ஜாபிதாவில் சேர்த்துக் கொண்டது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நமது செஞ்சிக் கோட்டை. இச்செய்தி தமிழ் நாட்டவர் அனைவருக்கும், முக்கியமாக விழுப்புரம், திண்டிவனம், கண்டமங்கலம் முதலிய பிரதேசங்களில் வாழ்வோருக்கும், மிகுந்த மகிழ்ச்சி அளித்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1677-ல் சிவாஜி மகாராஜா செஞ்சியைக் கைப்பற்றியதும், பின்னர் அவருடைய குமாரர் ராஜாராம் அங்கே அடைக்கலம் புகுந்து, ஜுல்பிகார் கானின் மொகலாயப் படையை 1698 வரையில் சளைக்காமல் எதிர்த்து நின்றதும், பாரத சரித்திரத்தில் பொன்னெழுத்துக்களால் பொறிக்கப்பட வேண்டிய விஷயங்கள். அக்கௌரவம் செஞ்சிக்குத் தகும்.

ஆனால் இந்த ஜில்லாவின் கிராமம் ஒன்றில் நுழைந்து, வயது முதிர்ந்த குடியானவர் ஒருவரைக் கூப்பிட்டு, "செஞ்சி யாருடைய கோட்டை?" என்று கேட்டுப் பாருங்கள். சிவாஜியின் பெயரை அவர் சொல்லமாட்டார். கோட்டையைப் பிரம்மாண்டமாக விஸ்தரித்த நாயக்க மன்னர்களின் பெயரும் அவர் வாயில் வராது. "தேசிங்கு ராஜா கோட்டை" என்றுதான் பதில் வரும். ஓராண்டுகூட நிறைய ஆளாத ஓர் இளைஞனின் பெயர், முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், அவனுக்கு முன்னும் பின்னும் ஆண்ட அத்தனை பேருடைய பெயர்களையும் மூடி நிற்கிறது. இது ஏன் என்பது ஆராயத்தக்க விஷயமாகும்.

முதலில் சரித்திரத்தைச் சொல்லி விடுவோம். தேசிங்கின் இயற்பெயர் தேஜ் சிங். அவனுடைய தந்தையான ஸ்வரூப் சிங், பந்தேல்கண்டத்து ராஜபுத்திரர். ஔரங்கசீப்பின் காலத்தில் செஞ்சிக் கோட்டைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர். தந்தை இறந்த செய்தி கேட்டு வடக்கிலிருந்து வந்த மகன், தில்லியின் புதிய உத்தரவுக்குக் காத்திராமல் கோட்டையின் அதிகாரத்தை ஏற்றுக் கொண்டான். ஆர்க்காட்டு நவாபான சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார். பழைய பாதுஷாவின் சன்னது தன் குடும்பத்துக்கு இருக்கையில், நவாபு கேட்பதற்கு என்ன உரிமை என்றான் இவன். 1714-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் யுத்தம் நடந்தது. நவாபின் பக்கத்தில் பெரும்படை. தேசிங்கின் பக்கத்தில் சில நூறு குதிரைவீரர்களே இருந்தனர். வெள்ளம் பெருகிய ஆற்றைக் குதிரையின் மேலேறிக் கடந்து போய் எதிரியின் நடுவில் பாய்ந்தான். அன்றே வீழ்ந்தான். அவனுக்கு அப்பொழுது 22 வயது என்று சொல்லப்படுகிறது.

ராஜதந்திர நோக்கில் பார்த்தால் இதில் புகழ்வதற்கு அதிகமில்லை என்றுகூடச் சொல்லலாம். கோட்டை மதிலுக்குள் இருந்து கொண்டு மாதக் கணக்கில் தாக்குப் பிடித்திருக்கக் கூடியவன் திறந்த வெளிக்கு வந்து மாண்டான். ஜுல்பிகார் கானைப் பல வருஷங்கள் திணற அடித்த மதில் அது என்பதை நினைக்கும்பொழுது, சேனாதிபதி என்ற முறையில் அவன் செய்தது பெரும் பிழை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் ஜனங்கள் சேனாதிபதிகளின் கணக்கைப் பார்த்துப் பாட்டுக் கட்டுவதில்லை.

அவர்கள் கட்டிய பாட்டே தேசிங்கின் முதல் ஞாபகச் சின்னம். "பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை" என்ற பெயரில் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்பனையான மலிவுப் பதிப்பை ஒரு காலத்தில் அறியாத தமிழ்க் குடும்பம் இருந்திருக்காது. திண்ணையில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். தில்லிப் பாதுஷாவின் லாயத்தில் எவராலும் அடக்க இயலாதிருந்த பாராசாரி என்னும் குதிரையை இந்த வாலிபன் அடக்கி ஏறினான் என்பதிலிருந்துதான் கதையே சூடு பிடிக்கும். போர்க்களத்தில் அக்குதிரை யானையின் மத்தகத்தின் மீதே கால் வைத்து எழும்பியது என்று பாடும் இடத்தில் கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். குதிரை யானையின் மீது தாவும் இக்காட்சி ஹல்தி காட் யுத்தத்தில் ராணா பிரதாபரின் சேதக் குதிரையைப் பற்றியும் சொல்லப்படுகிறது. ராஜஸ்தானத்திலும் தமிழ் நாட்டிலும் ஜனங்கள் ஒரே விதமாகக் கனவு கண்டிருக்கிறார்கள்!

இரண்டாவது சின்னம் மண்ணில் இருக்கிறது. செஞ்சிக் கோட்டைக்குள் செட்டிகுளத்தின் கரையில் உள்ள ஒரு மேடையைக் காட்டி, தேசிங்கின் உடல் அங்கேதான் தகனம் செய்யப்பட்டது என்றும், அவனுடைய இளம் மனைவி அதே சிதையில் ஏறினாள் என்றும் சொல்கிறார்கள். அக்கற்பரசியின் நினைவாக நவாபே பாலாற்றங்கரையில் ஓர் ஊரை உண்டாக்கி ராணிப்பேட்டை என்று பெயரிட்டார் என்பது கர்ண பரம்பரை. வென்றவன் தோற்றவனின் மனைவிக்கு ஊர் சமைத்தான் என்றால் அதில் ஒரு பெருந்தன்மை இருக்கவே செய்கிறது. ஆனால் இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கூறாமல் மேலே செல்வதற்கில்லை. உடன்கட்டை ஏறுதல் சென்னை ராஜதானியில் 1830-ல் சட்டத்தினால் தடுக்கப்பட்டது. அத்தடை நியாயமானது. அப்பெண்ணுக்காக நாம் இரங்க வேண்டுமே தவிர, அவள் முடிவை வியந்து கொண்டாடும் பலகை எதையும் அந்த மேடையருகே நட்டுவிடலாகாது.

கோட்டைக்கு வெளியே, கடலி, நீலாம்பூண்டிச் சுற்றுப்புறத்தில், மற்றொரு சமாதி இருக்கிறது. அது மகபத் கானுடையது. தேசிங்கின் உயிர் நண்பனான இந்த முஸ்லிம் வீரன், தன் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து நண்பனோடு சேர்ந்து போரிட்டு மடிந்தான் என்று கதைப்பாடல் கூறும். அவன் ஏறிய குதிரையின் பெயர் நீலவேணி. அங்கே குதிரைக்கும் ஒரு சமாதி உண்டென்று ஊரார் காட்டுகிறார்கள். மன்னர்களுக்கும் மகான்களுக்கும் சமாதி எழுப்பிய தேசம் நம்முடையது. குதிரைக்கு எழுப்பிய இடங்கள் எத்தனை இருக்கும்?

இந்த மகபத் கானைப் பற்றி இன்னும் சற்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். தேசிங்கின் கதையை ஹிந்து முஸ்லிம் யுத்தமாகச் சித்திரிக்கும் ஆசை சிலருக்கு உண்டாகக் கூடும். எதிர்த்தவர் நவாபு, எதிர்க்கப்பட்டவன் ரங்கநாதரைத் தொழுதவன், வேறென்ன வேண்டும் என்று அவர்கள் நினைக்கலாம். ஆனால் அந்தச் சண்டை பணத்துக்கும் சன்னதுக்குமாக நடந்த சண்டை. தேசிங்கு தன் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டியது ஔரங்கசீப் பாதுஷாவின் சன்னதையே. அவனுக்காக உயிரைக் கொடுத்தவன் ஒரு முஸ்லிம். ரங்கநாதர் அவன் பக்கம் நின்றதாகவும் ஜனங்கள் சொல்வதில்லை. செஞ்சிக்கு அண்மையில் சிங்கவரத்துக் குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளின் சிரம் ஒரு பக்கமாகத் திரும்பியிருப்பதற்கு அவர்கள் கூறும் காரணம் என்ன? போருக்குப் போகாதே என்று தடுத்தும் தேசிங்கு கேளாமல் புறப்பட்டதால் பகவான் முகத்தைத் திருப்பிக் கொண்டார் என்பதுதான். கடவுளே வேண்டாமென்ற போரில் துணை நின்றவன் மகபத் கான். தமிழ்ப் பாமரன் இந்தக் கதையை இப்படித்தான் அமைத்தான். அவனுடைய நியாய புத்தியை நாம் மாற்றி எழுதப் புகுவது தகாது.

தேசிங்கு தமிழனா என்றும் கேட்கலாம். அல்லன். பந்தேல்கண்டத்திலிருந்து வந்தவன், தமிழில் அவன் எவ்வளவு பேசியிருப்பான் என்பது சந்தேகமே. இருந்தும் தமிழ் மக்கள் அவனைத் தத்தெடுத்துக் கொண்டு, தாலாட்டும் ஒப்பாரியும் பாடினார்கள். தேசிய ஒற்றுமையைப் பற்றி மேடைப் பிரசங்கங்கள் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே திண்டிவனத்துத் திண்ணைகளில் அது நடந்து வந்திருக்கிறது.

வென்றவரும் தம் ஞாபகத்தைச் செஞ்சியில் விட்டுத்தான் சென்றார். 1717, 1718-ம் ஆண்டுகளில் சாதத்துல்லா கான் கட்டிய மசூதி கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது, நல்ல கட்டிடம். அதைக் கட்டியவர் யார் என்பது படித்தவர்களுக்கும் புதைபொருள் இலாகாவினருக்கும் தெரியும். தோற்றவனைக் குழந்தைகளுக்கும் தெரியும். பிரெஞ்சுக்காரர் 1750-ல் புஸ்ஸியின் தலைமையில் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்கள் கட்டியதைவிடப் பெயர்த்ததே அதிகம். செஞ்சி வேங்கடரமணர் கோயிலின் சித்திரத் தூண்கள் புதுச்சேரிக்குப் போயின. ஒரு காலத்தில் துய்ப்ளேயின் சிலையைச் சுற்றி நின்ற அத்தூண்கள் இப்பொழுது கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. கண்டமங்கலம் சாலையில் தினந்தோறும் புதுச்சேரிக்குப் போய் வரும் நம்மவர்களில் எத்தனை பேர் அவை செஞ்சிக் கற்கள் என்பதை அறிவார்கள்? அண்ணலைச் சூழ்ந்து நிற்கும் பாக்கியம் அக்கற்களுக்குக் கிட்டியது பற்றி நமக்கு வருத்தமில்லை.

சினிமாவும் இந்த வீரனை விட்டுவிடவில்லை. எம்.ஜி.ஆர். நடித்த "ராஜா தேசிங்கு" 1960-ல் வெளிவந்தது. அதில் சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று அளந்து கொண்டிருப்பது வீண். ஆனால் கதைப்பாடலைக் கேட்டிராத நகரவாசிகளுக்கும் தேசிங்கை அறிமுகம் செய்து வைத்தது அது என்பதை மறுக்க முடியாது.

தேசிங்குக்குக் குதிரை மீதமர்ந்த பெரிய வெண்கலச் சிலை வைக்க வேண்டும் என்று ஆர்வமுள்ள அன்பர்கள் சொல்வதுண்டு. உதயபுரியில் மோதி மக்ரிக் குன்றின் மேல் ராணா பிரதாபருக்கும், குவாலியரில் ஜான்சி ராணிக்கும் இருப்பது போல் நமக்கும் ஒன்று வேண்டாமா என்பது அவர்கள் வாதம். இதை நாம் ஆட்சேபிக்கவில்லை. சிலைகளைப் பற்றித் தமிழ் நாட்டுக்குக் கசப்பான அனுபவம் உண்டு. 1857-ல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமைகள் புரிந்த நீல் என்னும் ராணுவ அதிகாரியின் சிலை சென்னை மௌண்ட் ரோட்டில் நெடுங்காலம் நின்றது. 1927-ல் அதை அகற்றக் கோரித் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார்கள். 1937-ல் ராஜாஜியின் மந்திரி சபை வந்த பிறகுதான் அது பொருட்காட்சி சாலைக்குப் போயிற்று. தீவுத்திடல் அருகே ஸர் தாமஸ் மன்றோ 1839 முதல் குதிரை மேல் வீற்றிருக்கிறார். மன்றோ நல்லவர் என்றே ரயத்துகள் நினைத்தார்கள். அச்சிலையைப் பற்றி நமக்குப் புகார் எதுவும் இல்லை. ஆனால் சாண்ட்ரி என்ற பெரிய சிற்பி செய்த அதில் கால் ஊன்ற அங்கவடியே கிடையாது! வெண்கலத்தில் வார்த்து விட்டால் மட்டும் குதிரையேற்றம் உயிர் பெற்று விடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். குதிரையைச் செதுக்கிய கை எத்தகையது என்று காண விரும்புகிறவர், ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் கல் குதிரைகளைப் பார்க்கட்டும். ஊர் எல்லையில் அய்யனாருக்குக் குயவர்கள் சுட்டு நிறுத்தும் மண் குதிரைகளையும் பார்க்கட்டும். தேசிங்குக்குச் சிலை வைப்பதானால், அது எங்கோ அச்சில் வார்த்து லாரியில் வந்து இறங்கும் சிலையாக இல்லாமல், இந்தப் பரம்பரையில் கைதேர்ந்த ஸ்தபதிகளின் வேலையாக இருக்க வேண்டும்.

சிலைக்கு முன்னால் செய்ய வேண்டியவை உண்டு. உலகப் பாரம்பரிய ஸ்தலம் என்ற பெயர் வந்திருப்பதால் வெளிநாட்டினரும் வடநாட்டினரும் முன்னைவிட அதிகமாக வருவார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்படும் வழிகாட்டிப் புஸ்தகங்களில் மராட்டியர் இடம் பெறுவது நியாயமே. தேசிங்கும் மகபத் கானும் அதே அளவுக்கு இடம்பெற வேண்டும். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களைக் கடலிக்கும் சிங்கவரத்துக்கும் அழைத்துச் செல்ல ஏற்பாடு வேண்டும். மகபத் கானின் சமாதியைச் சுத்தமாக வைத்துக் கொள்வதற்கு வேண்டிய பொருளை ஊர்ப் பஞ்சாயத்தின் தலையில் மட்டும் கட்டுவது நேர்மையாகாது.

இவை எல்லாவற்றையும்விட அவசரமான காரியம் கதைப்பாடலைப் பற்றியது. கல்லும் மசூதியும் இன்னும் நூறு ஆண்டு நிற்கும். பாட்டு அப்படி நிற்காது. தேசிங்குராஜன் கதையை அச்சுப் புஸ்தகம் பார்க்காமல் தொடக்கம் முதல் முடிவு வரை பாடத் தெரிந்த முதியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். அச்சில் இருப்பது ஒரு பாடம். ஊருக்கு ஊர் பாடியது வேறு வேறு பாடம். கண்டமங்கலத்துப் பக்கத்தில் பாடும் மெட்டு செஞ்சிப் பக்கத்து மெட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. பேராசிரியர் சி. எஸ். ஸ்ரீநிவாசாச்சாரியார் செஞ்சியின் சரித்திரத்தை விரிவாக ஆராய்ந்து எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-ல் வெளியிட்டது. பிரெஞ்சு, மராட்டி, பாரசீக ஆதாரங்கள் பல அதனால் நமக்குக் கிடைத்தன. அதே பல்கலைக்கழகமோ அல்லது தமிழகத்தின் வேறொரு கலாசாலையோ, வாய்மொழி ஆதாரத்துக்கும் அவ்வளவு சிரத்தை காட்ட வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியோடு மாணவர்களை இந்த ஜில்லாவின் கிராமங்களுக்கு ஒரு பருவம் அனுப்பினால் போதுமானது. பாடுகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி நஷ்டமாகாதபடி தக்க சன்மானம் கொடுக்க வேண்டும். அந்தத் தொகையையும் பிரயாணச் செலவையும் சர்க்காரின் கலை பண்பாட்டு இலாகா ஏற்றுக் கொள்வதே முறை. வருகிற பட்ஜெட்டில் இதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கும்படி இந்த ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.